ஒரு டம்ளர் குற்றாலம்

ஒரு டம்ளர் தண்ணீரைக் குடித்து என் மனைவியைக் கொன்றுவிட்டேன் என்று, போன ஆனி மாதத்தில் ஒருநாள் காலை, முக்கால் மணி நேரம் நான் மனப்பூர்வமாக நம்பினேன். சிரிக்காதீர்கள். அந்த முக்கால் மணி நேரம் நானும் சிரிக்கவில்லை. அதற்கப்புறம் எங்கள் வீட்டில் யாரும் சிரிப்பை நிறுத்தவில்லை என்பது வேறு விஷயம்.

நான் சென்னைக்காரன். வயது ஐம்பத்து மூன்று. மூன்றாவது மாடியில் குடியிருப்பு. வாரம் இரண்டு முறை தண்ணீர் லாரி வந்து கீழ்த்தொட்டியில் குழாயைச் சொருகும்போது ஒரு சத்தம் எழும். எனக்குச் சொந்தமாகத் தெரிந்த அருவி அது ஒன்றுதான். மனைவி சண்முகவடிவு தென்காசிப் பக்கத்து வீரகேரளம்புதூர்க்காரி. அவளுக்குக் குற்றாலம் ஊர் இல்லை, உரிமை. கல்யாணமாகி இருபத்தாறு வருடத்தில் அவளோடு எத்தனையோ தடவை குற்றாலம் போயிருக்கிறேன். ஒரு தடவைகூட நனைந்ததில்லை. "எல்லாரும் போனா பையை யார் பாத்துக்கறது?" என்று கேட்டுவிட்டு ஒரு கல்லில் உட்கார்ந்துவிடுவேன். மாமனார் வீட்டார் பதினைந்து பேர் அருவிக்குள் நிற்க, பதினைந்து பேருடைய செருப்பு, கைக்கடிகாரம், மூக்குக்கண்ணாடி எல்லாம் என் மடியில் இருக்கும். 'மாப்பிள்ளை ரொம்பப் பொறுப்பு' என்று பெயர்கூட வாங்கினேன். பொறுப்பெல்லாம் இல்லை, பயம். தலையில் தண்ணீர் மொத்தமாக விழுந்தால் மூச்சு நின்றுபோகும் என்று சின்ன வயதிலேயே முடிவு செய்து, இன்றுவரை அதைச் சோதித்துப் பார்க்காமல் காப்பாற்றி வருகிறேன்.

இந்தப் பயணத்துக்கு ஒரு வருடம் முன்பு வடிவுக்கு இடது காதில் ஆபரேஷன் நடந்தது. ஒரு வருடம் தலையில் தண்ணீர் படக் கூடாது என்றார் டாக்டர். எண்ணெய் வைத்து நாலு செம்பு ஊற்றிக்கொள்ளாமல் வெள்ளிக்கிழமை விடியாது என்று நம்புகிற ஒரு பெண், ஒரு வருடம் ஈரத்துண்டால் தலையைத் துடைத்துக்கொண்டு வாழ்ந்தாள். கெடு முடிந்த அன்றைக்கு டாக்டர் இரண்டு செய்தி சொன்னார். எண்ணெயில் நனைத்த பஞ்சை வைத்துக்கொண்டு இனி தலைக்குக் குளிக்கலாம். ஆனால் அந்தக் காதில் கேட்பது இனி பாதிதான். வடிவு வெளியே வந்து லிஃப்ட் பட்டனை அழுத்தினாள். லிஃப்டுக்குள் நுழைந்ததும் சொன்னாள்: "குத்தாலத்துக்கு டிக்கெட் போடுங்க."

அவள் பிறந்த வீடு இப்போது வேறு யாருடையதோ. அதனால் முதல் தடவையாக, அவள் மண்ணில் நாங்கள் விருந்தாளிகளாகத் தங்கப் போனோம்.

தென்காசியில் ரயிலை விட்டு இறங்கியபோது சாரல் ஆரம்பித்திருந்தது. சாரலை மழை என்று சொன்னால் வடிவுக்குக் கோபம் வரும். மழை மேலிருந்து கீழே விழும். சாரல் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று கடைசிவரை தெரியாது, சட்டை மட்டும் ஈரமாகியிருக்கும். மேலகரம் தாண்டுவதற்குள் எங்கள் ஆட்டோ இருமி நின்றது.

"சார்வாள், நீங்க மட்டும் கொஞ்சம் இறங்குனியன்னா வண்டி ஏறிரும்" என்றார் ஓட்டுநர்.

"இங்க மேடே இல்லையேங்க?"

"வண்டிக்குத் தெரியுது சார்வாள்."

வடிவு உள்ளே ராணி மாதிரி உட்கார்ந்திருக்க, நான் பின்னாலிருந்து தள்ளினேன். நிமிர்ந்தபோதுதான் மலையைப் பார்த்தேன். பாதி மலை மேகத்துக்குள் போயிருந்தது. மீதிப் பாதி, வீடுகளுக்குப் பின்னால் அவ்வளவு கிட்டத்தில் நின்றது. சென்னையில் அவ்வளவு உயரமாக எது நின்றாலும் அதற்கு அனுமதி இருக்கிறதா என்று கேட்பார்கள்.

நாங்கள் தங்கிய பங்களா சிற்றாற்றின் கரையில் இருக்கிறது. பேரருவிக்கு அங்கிருந்து நடந்தால் பத்து நிமிடம். காய்ச்சலில் விழுந்த வெள்ளைக்காரர்கள் காற்று மாறித் தேறுவதற்காக ஒரு வெள்ளைக்கார டாக்டர் கட்டியதாம். என் முழங்கை நீளத்துக்குச் சுவர். தேக்கு உத்தரங்கள் கறுத்து யானை நிறத்துக்கு வந்திருந்தன. குளியலறையில், நான்கு சிங்கக் கால்களோடு ஓர் இரும்புத் தொட்டி. அதில் இப்போது கறிவேப்பிலைக் கன்று வைத்திருக்கிறார்கள். "அருவி பக்கத்துல இருக்கு. தொட்டியில யாரு படுப்பா அண்ணாச்சி?" என்றார் வீட்டுக்காரம்மா ஷரீபா.

ஷரீபாவுக்கு எங்கள் வயதுதான் இருக்கும். தென்காசியில் ஜவுளிக்கடைக் குடும்பம். பங்களாவை வாங்கியது மாமனார். கணவர் ஷார்ஜாவில் இருக்கிறார். பிள்ளைகளும் படிப்பு, வேலை என்று போய்விட, நாலு அறையைத் திறந்துவிட்டு வருகிறவர்களுக்குத் தங்க இடமும் காலைச் சாப்பாடும் கொடுக்கிறார்.

"வாங்க மைனி, சாரல்ல நனைஞ்சிட்டியளோ? அண்ணாச்சி, ஒண்ணு சொல்லிருதேன். இங்கன காலைச் சாப்பாடு மட்டுந்தான். இடியாப்பமும் சொதியும். அருவியில குளிச்சிட்டு வாரவியளுக்கு மொத ஈடு. மத்தவியளுக்கு ரெண்டாம் ஈடு. இது எங்க மாமா வச்ச சட்டம்."

"மொத ஈடுக்கும் ரெண்டாம் ஈடுக்கும் என்னங்க வித்தியாசம்?"

"மொத ஈடு தின்னவிய இந்தக் கேள்வி கேக்க மாட்டாவ."

எங்களுக்குக் கிடைத்தது மேற்கு அறை. ஜன்னலைத் திறந்தால் மலை. உள்ளே போய் உட்கார்ந்ததும் எனக்கு ஒரு முனகல் கேட்டது. பழைய ஃபிரிட்ஜ் ஓடுகிற மாதிரி விடாமல், தாழ்ந்த குரலில். பக்கத்தில் ரைஸ் மில் ஏதாவது ஓடுகிறதா என்று ஷரீபாவிடம் கேட்டேன்.

"அது அருவி அண்ணாச்சி. இந்த வீடு முழுக்க ஒரே பாறை மேல உக்காந்திருக்கு. அந்தப் பாறையோட இன்னொரு மொனையிலதான் தண்ணி விழுது. சொவர்ல கைய வச்சுப் பாருங்க."

வைத்தேன். சுவர் நடுங்குகிறது என்று சொல்ல மாட்டேன். தூங்குகிற ஒரு பெரிய விலங்கின் விலாவில் கை வைத்த மாதிரி இருந்தது. சட்டென்று எடுத்துவிட்டேன். வடிவு கையை வைக்கவில்லை. தலையைச் சாய்த்து இடது காதைச் சுவரில் ஒட்டினாள். ரொம்ப நேரம் அப்படியே நின்றாள்.

"ஏங்க."

"என்ன?"

"எனக்கு இந்தக் காதுல கேக்குது."

எனக்கு ஏதாவது கிண்டல் செய்ய வேண்டும் என்று தோன்றியது. அதை விட்டுவிட்டேன். நானும் பக்கத்தில் போய்க் காதை ஒட்டிக்கொண்டு நின்றேன். தாம்பத்தியத்தில் நாங்கள் இருவரும் சேர்ந்து ஒரு சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றது அதுவே முதல் தடவை.

விளக்கு வைக்கிற நேரத்தில் சமையல்காரர் சுடலைமுத்து ஒரு பித்தளை டம்ளரோடு வந்தார். அறுபதைத் தாண்டியவர். டம்ளரை எங்கள் அறையின் மேற்கு ஜன்னல் கல்லில் வைத்து, விளிம்புவரை தண்ணீர் ஊற்றி, குனிந்து அதைப் பார்த்து, ஒரு சொட்டைச் சுண்டி எடுத்தார். வடிவு அவரோடு ஏதோ பேசிக்கொண்டிருந்தாள். நான் முற்றத்தில் நின்று கைபேசியைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து, சிக்னலுக்கு ஆராதனை காட்டிக்கொண்டிருந்தேன். திரும்பி வந்தபோது டம்ளரைப் பார்த்தேன். பழைய காலத்து உபசாரம், இன்னும் விடாமல் செய்கிறார்களே என்று நெகிழ்ந்துபோனேன். சென்னையில் விருந்தாளிக்குக் கேட்டால்தான் தண்ணீர், அதுவும் பாட்டிலில்.

இரவுச் சாப்பாட்டுக்குப் புளியறைப் பக்கம் போனோம். கேரளாவுக்குப் போகிற லாரிகள் சோதனைச் சாவடிக்கு வரிசையில் நிற்க, ஓட்டுநர்கள் எல்லாரும் புரோட்டாக் கடைகளில் இருந்தார்கள். கல்லில் புரோட்டாவை இரண்டு கையாலும் அடித்து நொறுக்கி இலையில் போட்டார்கள். அதன்மேல் ஊற்றிய சால்னாவில் மிளகாயும் மிளகும் போட்டி போட்டன. நான் எந்தப் பக்கமும் சேராமல் இரண்டையும் தின்றேன். எதிர்ப்பலகையில் ஒரு மலையாள ஓட்டுநர் போனில் வீட்டோடு பேசிக்கொண்டிருந்தார். எனக்குப் புரிந்த அளவில் அவர் சொன்னது: "மலைக்கு மேலே நல்ல மழை. மெதுவாத்தான் வருவேன். நீ சாப்பிட்டுவிட்டுப் படு." நான் அதை ஒரு கணவனின் பொய் என்று எடுத்துக்கொண்டேன். எங்கள் தலைக்கு மேலே நட்சத்திரம் தெரிந்துகொண்டிருந்ததே.

மறுநாள் காலை ஆறே முக்காலுக்கு விழித்தேன். நாக்கு பாலைவனமாக இருந்தது. சால்னாவின் வேலை. பக்கத்தில் வடிவு இல்லை. அவளுடைய துண்டும் மாற்றுச்சேலை வைத்த பையும் இல்லை. போன் மட்டும் சார்ஜில் கிடந்தது. முதல் ஈடு இடியாப்பத்துக்குக் கிளம்பிவிட்டாள் என்று நினைத்தபடி எழுந்து ஜன்னலுக்குப் போனேன். டம்ளர் நிறையத் தண்ணீர். ஒரே மூச்சில் குடித்தேன். குளிர்ச்சியும் லேசான பித்தளை மணமுமாக இறங்கியது. என் வாழ்க்கையில் குடித்த மிக நல்ல தண்ணீர் அது. அதில் எனக்கு இன்றும் சந்தேகம் இல்லை.

கதவு தட்டப்பட்டது. சுடலைமுத்து ஒரு பையில் தேங்காயோடு நின்றார். நேராக ஜன்னலைப் பார்த்தார்.

"சார்வாள், டம்ளர்ல தண்ணி இருந்துச்சே?"

"ரொம்ப ருசியா இருந்தது. இன்னொண்ணு கிடைக்குமா?"

அவர் தேங்காய்ப் பையைத் தரையில் வைத்தார். "குடிச்சிட்டியளா?"

"ஏன்? விஷமா?" என் கை தானாகத் தொண்டைக்குப் போனது.

"விஷமில்ல சார்வாள். அதை வச்சுத்தான வெள்ளம் வாரதைப் பாக்கோம்!"

அந்த வாசலிலேயே எனக்குப் பாடம் நடந்தது. மலைக்கு மேலே மழை கனத்தால், இங்கே வானம் தெளிவாக இருந்தாலும், பாறை முன்கூட்டியே அதிரும். விளிம்புவரை நிறைந்த தண்ணீரில் நடுவிலிருந்து வட்டம் வட்டமாக எழும்பும். அப்படி எழும்பினால் அரை மணி, ஒரு மணிக்குள் அருவியில் வெள்ளம். தினமும் விடியற்காலை ஆறு மணிக்குச் சுடலைமுத்து டம்ளரைப் பார்த்துவிட்டுத்தான், அருவிக்குப் போகலாமா கூடாதா என்று தங்கியிருப்பவர்களுக்குச் சொல்வார். அறையில் ஆள் தூங்கினால் வெளிப்பக்கமாக வந்து ஜன்னல் வழியே பார்த்துக்கொள்வாராம்.

"இன்னிக்குச் சொன்னீங்களா?"

"சொதிக்குத் தேங்கா பத்தலைன்னு மேலகரம் போயிட்டேன் சார்வாள். இப்பதான் வாரேன். அம்மா எங்க?"

"அருவிக்குப் போயிட்டா."

அவர் ஏதோ சொல்ல ஆரம்பித்தார். நான் அதற்குள் முழுக் கணக்கையும் போட்டு முடித்திருந்தேன். மேலே மழை, லாரிக்காரன் பொய் சொல்லவில்லை. வடிவு தண்ணீருக்குள். போலீஸ் விசில் அடித்தால் எல்லாரும் ஓடிவருவார்கள். அவளுக்கு அருவி இரைச்சலில் விசில் கேட்காது. எச்சரிக்கை சொல்ல இருந்த ஒரே பொருளை நான் குடித்துவிட்டேன்.

"இன்னொரு டம்ளர் வைங்க! உடனே!"

வைத்தார். இருவரும் குனிந்தோம். தண்ணீர் ஆடியது. நான் ஜன்னல் கல்லைப் பிடித்துக்கொண்டிருந்தேன், என் கை ஆடியது. மலை நடுங்குகிறதா, நான் நடுங்குகிறேனா?

"சார்வாள், கைய எடுங்க."

எடுத்தேன். அப்போதும் ஆடியது. "புதுசா ஊத்துன தண்ணி அடங்கவே நேரமாவும்" என்றார் சுடலைமுத்து. அந்த நேரத்தில்தான் தூரத்திலிருந்து விசில் கேட்டது. ஒன்றல்ல. நாலைந்து பேர் மாறி மாறி ஊதுகிற விசில்.

நான் கைலியும் பனியனுமாக வெளியே ஓடினேன். ஒரு காலில் என் செருப்பு, இன்னொரு காலில் சுடலைமுத்துவுடையது. நடந்தால் பத்து நிமிடம் என்பதை மறந்து, எதிரே வந்த ஆட்டோவில் பாய்ந்து ஏறினேன். நேற்று நான் தள்ளிய அதே ஆட்டோ. சீசன் நேரத்து ஒருவழிப்பாதையில் அது குற்றாலத்தை முழுசாக ஒரு பிரதட்சிணம் வந்தது. மங்குஸ்தான் கடை, நேந்திரம் சிப்ஸ் கடை, எண்ணெய்க் குப்பிகளோடு உடம்பு பிடித்துவிடக் காத்திருந்தவர்கள் எல்லாரையும் நிதானமாகத் தரிசித்தேன்.

"யாரைத் தேடுதிய சார்வாள்?"

"என் பொண்டாட்டியை. தண்ணியில இருக்கா."

"நேத்து வந்த அம்மாவா? அவிய வெவரமானவியல்லா? உங்களத் தள்ளவிட்டுட்டு உள்ள இருந்தாவளே."

கோவில் பக்கம் தடுப்பு வைத்திருந்தார்கள். மீதித் தூரம் ஓடினேன். எனக்கு எதிரே ஒரு கூட்டம் ஓடிவந்தது. ஈரத்துண்டோடு, எண்ணெய் மினுங்கும் உடம்போடு, பாதி சோப்பு நுரையோடு. ஒவ்வொரு பெண்ணின் முகத்தையும் பார்த்துக்கொண்டே எதிர்த்திசையில் ஓடினேன். இரண்டு பேர் திட்டினார்கள்.

அப்புறம் திரும்பினேன். அருவி இருந்தது.

இருபத்தாறு வருடம் நான் பார்த்தது வேறு ஏதோ. சத்தம் காதுக்கு வருவதற்கு முன்பே நெஞ்செலும்புக்கு வந்துவிட்டது. பாறையெங்கும் வெள்ளை நூல்களாகத் தொங்குகிற பேரருவி, அன்று கொதிக்கிற தேயிலையின் நிறத்தில், முழு அகலத்துக்கும் ஒரே திரளாக இறங்கிக்கொண்டிருந்தது. இறங்கவில்லை, பாய்ந்தது. பாறையைத் தொடாமல் வெளியே எகிறி விழுந்தது. குளிக்கிறவர்கள் நிற்கும் இடத்துக்கு மேலே ஒரு வளைவு உண்டு. தண்ணீர் அதைத் தாண்டினால் யாரும் உள்ளே நிற்கக் கூடாது. அந்த வளைவைக் காணோம். பாறையில் செதுக்கிய லிங்கங்களைக் காணோம். ஆள் உயரத்துக்கு ஒரு மரக்கிளை மேலே தோன்றி, ஒரு கணம் காற்றில் நின்று, ஒரு குச்சியைப் போலக் கீழே மறைந்தது. அது விழுந்த சத்தம்கூடத் தனியாகக் கேட்கவில்லை. காற்று அருவியிலிருந்து வந்தது. அதில் பாதி தண்ணீர். ஐந்து நொடியில் பனியனும் கைலியும் உடம்போடு ஒட்டிக்கொண்டன.

என்னால் கண்ணை எடுக்க முடியவில்லை. வெட்கத்தோடு சொல்கிறேன். அது என் மனைவியைக் கொண்டுபோயிருக்கலாம் என்று நம்பிக்கொண்டிருந்த அந்த நிமிடத்திலேயே, இவ்வளவு பெரிய ஒன்றை நான் பார்த்ததே இல்லை என்றும் நினைத்தேன். நான் செருப்புகளைக் காவல் காத்துக்கொண்டிருந்த வருடங்களில் எல்லாம் இந்த மலை இதைச் செய்துகொண்டிருந்திருக்கிறது.

பெண்கள் பக்கம் ஓடினேன். ஒரு பெண் காவலர் கையை நீட்டித் தடுத்தார்.

"சார், அது லேடீஸ் சைடு."

"என் மனைவி உள்ள இருக்கா. அவளுக்குக் காது சரியாக் கேட்காது. விசில் கேட்டிருக்காது!"

"எல்லாரையும் ஏத்தியாச்சு சார். நானே கடைசியா வந்தேன். என்ன கலர் சேலை?"

எனக்குத் தெரியவில்லை. தூங்கிக்கொண்டிருந்தவனுக்கு எப்படித் தெரியும்? அதை விடுங்கள், நேற்று முழுக்க அவள் கட்டியிருந்த சேலையின் நிறமும் தெரியவில்லை.

"ஆள் எப்படி இருப்பாங்க?"

"நல்லா இருப்பா" என்றேன். அந்தக் காவலர் என் முகத்தைப் பார்த்தார், கைலியைப் பார்த்தார், ஜோடி சேராத செருப்புகளைப் பார்த்தார். பிறகு என் தோளுக்குப் பின்னால் பார்த்தார்.

"அந்தம்மாவா பாருங்க. ரொம்ப நேரமா உங்களயே பாத்துட்டு நிக்காங்க."

சுக்குக்காபிக் கடையின் கூரைக்கு அடியில், கையில் ஒரு பேப்பர் கப்போடு, மாம்பழ மஞ்சள் சேலையில் வடிவு நின்றாள். தலை உலர்ந்திருந்தது. சேலை உலர்ந்திருந்தது. பையைத் திறக்கவே இல்லை. பேரருவியை இவ்வளவு கிட்டத்தில் வைத்துக்கொண்டு ஒரு மனுஷி அவ்வளவு உலர்ந்து நிற்க முடியும் என்று நான் நினைத்ததில்லை.

"ஏங்க, இது என்ன கோலம்?"

நான் அவள் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டேன். இருபத்தாறு வருடத்தில் பொது இடத்தில் நான் அப்படிச் செய்ததில்லை. சுக்குக்காபிக்காரர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

"நீ உள்ள இறங்கலையா? ஏன் இறங்கல?"

அவசரத்தில் இடது காதில் கேட்டுவிட்டேன். அவள் அருவியைக் காட்டி, "ஆமா, எவ்வளவு பெரிசு!" என்றாள். கண்ணில் தண்ணீர் நின்றது. சாரலாகவும் இருக்கலாம். "சின்னதுல வெள்ளம் வரும்போதெல்லாம் அம்மா எங்களை இழுத்துட்டு ஓடிருவா. ஒரு தடவைகூட நின்னு பாக்க விட்டதில்ல."

இருவரும் நின்று பார்த்தோம். எனக்கு ஒரு சுக்குக்காபி வாங்கிக் கொடுத்தாள். கப்பில் காபி ஆடியது. அது மலையில்லை, என் கை. இந்தத் தடவை சந்தேகம் இல்லை.

பங்களாவுக்குத் திரும்பியதும் நான் முதலில் செய்த வேலை, சுடலைமுத்துவை அடுக்களைக்குள் தள்ளிக்கொண்டு போய்க் கையைப் பிடித்ததுதான். "நான் குடிச்சதை அவ கிட்ட சொல்லிராதீங்க."

"நான் எதுக்குச் சொல்லுதேன் சார்வாள்? எனக்குந்தான் கேவலம். ஆறு மணிக்கு ஆளில்லாம தேங்கா வாங்கப் போயிருக்கேன்." குற்றவாளிகள் இருவரும் கை குலுக்கிக்கொண்டோம்.

அன்று முழுதும் குளிக்கத் தடை. வந்த காரியம் நடக்காமல் போய்விடுமோ என்ற கவலை வடிவின் முகத்தில் இருந்தது. மறுநாள் சாயங்காலம் எங்களுக்கு ரயில். நானும் அவளும் மேற்கு ஜன்னல் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். டம்ளர் எதற்கென்று அவள் கேட்கவில்லை, அது எனக்கு உறைக்கவும் இல்லை. புதிய டம்ளர் அடங்கியிருந்தது. நடுவில் ஒரு புள்ளி துடித்தது, அதிலிருந்து ஒரு மெல்லிய வட்டம், அதன் பின்னால் இன்னொன்று. யாரும் தொடவில்லை, காற்று இல்லை. கண்ணுக்குத் தெரியாத உச்சியில் பெய்கிற மழை, ஒரு மலையின் வழியாக, ஒரு பாறையின் வழியாக, ஒரு வீட்டின் வழியாக வந்து பித்தளை விளிம்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. அந்த வெள்ளைக்கார டாக்டரும் இதைப் பார்த்திருப்பாரா என்று யோசித்தேன். மதியத்துக்குமேல் வட்டங்களுக்கு இடையே நேரம் கூடிக்கொண்டே போனது. வடிவு அதை எண்ணிக்கொண்டே தூங்கிப்போனாள்.

மூன்றாம் நாள் விடியற்காலை சுடலைமுத்து வந்து குனிந்தபோது நாங்கள் இருவரும் அவருக்கு இரண்டு பக்கமும் குனிந்திருந்தோம். டம்ளரில் மூன்று முகம் தெரிந்தது. ஆடவே இல்லை.

"போலாம்மா" என்றார். பிறகு என்னைப் பார்த்தார். "சார்வாள், பையக் குடுங்க. நான் பாத்துக்கிடுதேன்."

இருபத்தாறு வருடத்துச் சாக்கு ஒரு வரியில் போயிற்று.

வடிவு காதில் பஞ்சை வைத்துக்கொண்டு பெண்கள் பக்கம் போனாள். நான் ஆண்கள் பக்கம். அருவி மறுபடி வெண்மையாக இருந்தது. ஆனால் இனி அது என்னை ஏமாற்ற முடியாது, அதன் இன்னொரு முகத்தைப் பார்த்துவிட்டேன். பின்னாலிருந்து யாரோ, "ஏலே, நிக்காம போலே" என்றார்கள். என் பிள்ளை வயதுக் குரல். கோபித்துக்கொள்ளத் திரும்புவதற்குள் உள்ளே போயிருந்தேன். தண்ணீர் தலையில் விழவில்லை, ஏறி உட்கார்ந்தது. மூச்சு நின்றது. இதுதான் என்று நினைத்தேன். பிறகு மூச்சு தானாக வந்தது. வாயைத் திறந்து கத்தினேன், என் குரல் எனக்கே கேட்கவில்லை. பக்கத்தில் எல்லாரும் கத்திக்கொண்டுதான் இருந்தார்கள்.

வெளியே வந்தபோது வடிவு கூந்தலைப் பிழிந்துகொண்டு நின்றாள். முகம் சிவந்திருந்தது. என்னை மேலும் கீழும் பார்த்தாள். அப்புறம் சொன்னாள்: "அதுக்குள்ள நின்னா ரெண்டு காதும் ஒண்ணுபோலத்தான் இருக்குங்க. யாருக்குமே ஒண்ணும் கேக்காதுல்லா."

முதல் ஈடு இடியாப்பத்துக்கும் இரண்டாம் ஈடுக்கும் உள்ள வித்தியாசத்தை நான் இங்கே எழுதப் போவதில்லை. தேங்காய்ப்பால் சொதியில் ஊறி அது இலையில் கிடந்தது. ஷரீபா சொன்னது சரி.

சாப்பிட்டுவிட்டு பெட்டி கட்ட அறைக்குப் போனோம். ஜன்னலில் டம்ளருக்குப் பக்கத்தில் புதிதாக ஓர் அட்டை நின்றது. கோணல் எழுத்தில் சுடலைமுத்து எழுதியிருந்தார்: 'குடிப்பதற்கு அல்ல.'

வடிவு அதை வாசித்தாள். "இதை யாரு குடிப்பா?"

நான் உத்தரத்தைப் பார்த்தேன். வாசலில் நின்ற சுடலைமுத்துவும் உத்தரத்தைப் பார்த்தார். பின்னால் வந்த ஷரீபா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"ஏங்க. எப்ப குடிச்சிய?"

"முந்தாநேத்து இல்ல, நேத்து. ஆறே முக்காலுக்கு." அப்புறம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். எச்சரிக்கையைக் குடித்தது, கை ஆடியது, செருப்பு, சேலை நிறம், எல்லாம். வடிவு கட்டிலில் உட்கார்ந்து, தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தாள். நல்ல காது, கெட்ட காது இரண்டும் சிவக்கச் சிரித்தாள். சிரிப்பு நின்றதும் அவள் சொன்னதைத்தான் கீழே எழுதுகிறேன்.

முதல் நாள் சாயங்காலம், நான் முற்றத்தில் சிக்னல் தேடிக்கொண்டிருந்தபோது, டம்ளர் எதற்கு என்று வடிவு சுடலைமுத்துவிடம் கேட்டாள். அவர் சொன்னார். மறுநாள் காலை ஆறு மணிக்கு அவள் எழுந்து டம்ளரைப் பார்த்தாள். தண்ணீரில் வட்டம் வட்டமாக எழும்பியது. தெறிப்பில் நனைந்தால் மாற்ற ஒரு சேலையை எடுத்துக்கொண்டு, வெள்ளம் வருவதைப் பார்க்கப் போனாள், குளிக்கப் போகவில்லை. ஆறே முக்காலுக்கு நான் எழுந்து அதைக் குடித்தேன்.